திறந்ததெல்லாம் வைத்ததாகுமா?



போன இதழில் மழைக்காலத்தில் பருப்பு வகைகளைப் பூச்சி அண்டாமல் பத்திரப்படுத்துவது பற்றி எழுதியிருந்தேன். இந்த முறையும் பத்திரப்படுத்துவது பற்றித்தான். ஆனால் டின்னிலும் ஜாடியிலும் அல்ல, கம்ப்யூட்டரில். "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்காதீர்கள். பட்டதனால் சொல்கிறேன்.

என் மாமியாருக்கு வயது எழுபத்திரண்டு. இருபது வருஷமாகச் சர்க்கரை. அவரிடம் ஒரு மஞ்சள் பை உண்டு. ஜவுளிக்கடையில் கொடுப்பார்களே, அந்தத் துணிப்பை. அதில் இருபது வருஷத்து மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைக் காகிதம், எக்ஸ்ரே உறை எல்லாம் இருக்கும். எங்கே போனாலும் அது கூடவே வரும். ஒவ்வொரு தீபாவளிக்கும் வீடு ஒழிக்கும்போது எனக்கும் அந்தப் பைக்கும் சண்டைதான். கடைசியில் 2023 தீபாவளிக்கு, "அத்தை, இப்போ எல்லா ரிப்போர்ட்டும் கம்ப்யூட்டர்லயே வருது. இனிமே இந்தக் குப்பை எதுக்கு?" என்று சொல்லிப் பாதியை எடுத்துப் போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை மடித்து அலமாரிக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாசி மாதம் வழக்கமான ரத்தப் பரிசோதனை. "காகிதம் வேண்டாம், செல்போனுக்கு லிங்க் வரும்" என்றார்கள். வந்தது. அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். ரிப்போர்ட் பளிச்சென்று திரையில் வந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, இருக்கட்டும்" என்றார். 'இருக்கிறது' என்று நானும் நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை அத்தைக்கு இடது பக்க அடிவயிற்றில் வலி. எங்கள் திண்டுக்கல் டாக்டர், "மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்றார். சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கிற சி.டி. ஸ்கேன். அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டுமாம். அதனால் ஸ்கேனுக்கு முன்னால் ரத்தத்தில் 'கிரியாட்டினின்' எவ்வளவு என்று பார்ப்பார்கள். அத்தைக்கு 1.6 இருந்தது. பெண்களுக்குச் சுமாராக 1.1 வரை இருக்கலாம்.

டாக்டர் அம்மா நிதானமாகக் கேட்டார்: "ஆறு மாசத்துக்கு முன்னாடி எவ்வளவும்மா இருந்துச்சு? அப்பவும் 1.5, 1.6 இருந்திருந்தா இது பழைய கதை. அதுக்கு ஏத்த மாதிரி முன்ஜாக்கிரதையா எடுக்கலாம். அப்போ 1.0 இருந்து இப்போ ஏறியிருந்தா விஷயமே வேற. முதல்ல அதைக் கவனிக்கணும்."

"இருக்கு டாக்டர், கம்ப்யூட்டர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த என் மகனுக்குப் போன் செய்தேன். அவன் தேடினான், தேடினான். 'டவுன்லோட்ஸ்' அறையில் இல்லை. டெஸ்க்டாப்பில் இல்லை. கடைசியில் பழைய லிங்க்கை எடுத்துத் தட்டினால், 'இந்த இணைப்பு காலாவதியாகிவிட்டது' என்று ஒரு வரி வந்ததாம். பரிசோதனை நிலையத்துக்குப் போன் அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் ஞாயிறு.

அவசரமாகச் செய்யும் நிலையில் இல்லை, பழைய கணக்கைப் பார்த்துவிட்டே செய்வோம் என்று டாக்டர் முடிவு செய்தார். சலைன் ஏற்றி வலிக்கு மருந்து கொடுத்தார்கள். இரண்டு ராத்திரி அத்தை புரண்டு புரண்டு படுத்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "அந்தப் பையில இருந்திருக்குமே" என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை பரிசோதனை நிலையத்தில் மறுபிரதி வாங்கி அனுப்பினான் மகன். ஆறு மாதத்துக்கு முன் 1.5. பழைய கதைதான். அத்தை சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, நிறைய சலைன் கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். குடல் சுவரில் வீக்கம் என்று தெரிந்தது. மருந்திலேயே குணமாயிற்று. ஆண்டவன் புண்ணியம்.

வீட்டுக்கு வந்ததும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகளுக்குப் போன் போட்டேன். "திரையில பார்த்தேனே, அது எப்படிக் காணாமப் போச்சு?" என்று கேட்டேன்.

"அம்மா, நீ ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு டி.வி.யைப் பார்த்த மாதிரிதாம்மா. பார்த்தே. ஆனா அது நம்ம வீட்டுக்கு வரலை" என்றாள்.

அவள் சொன்னதையும், பிறகு நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இப்படி?

நாம் இன்டர்நெட் பார்க்கும் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றுக்கும் 'பிரவுசர்' என்று பெயர். வலைப்பக்கத்தைக் காட்டுவதுதான் அதன் சொந்த வேலை. ரிப்போர்ட், ரசீது, விண்ணப்பம் இவையெல்லாம் பெரும்பாலும் 'பி.டி.எஃப்.' என்ற வகைக் கோப்பாக வரும். இது 1993-ல் அடோபி கம்பெனி கொண்டுவந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அச்சடித்த தாள் மாதிரி ஒரே விதமாகத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். 2008-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இதைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. இதைத் திறக்கத் தனிச் செயலி உண்டு. அக்ரோபேட் ரீடர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேர்டு, எக்ஸெல் கோப்புகளுக்கும் அவற்றுக்கு உரிய செயலிகள் உண்டு.

முன்பெல்லாம் பிரவுசர் இந்தக் கோப்புகளைத் தானாகக் காட்டாது. தனிச் செயலியிடம் ஒப்படைக்கும், அல்லது அதைத் தன் ஜன்னலுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கும். 2010-ல் குரோமும் 2013-ல் ஃபயர்ஃபாக்ஸும் பி.டி.எஃப். காட்டும் வித்தையைத் தாங்களே கற்றுக்கொண்டன. அதிலிருந்து லிங்க்கைத் தட்டினால் உடனே திரையில் விரிகிறது. சௌகரியம்தான். ஆனால் மூடினால் போச்சு. நம் கையில் பிரதி எதுவும் தங்குவதில்லை.

சில இடங்களில் மட்டும் தட்டினவுடனே தானாக டவுன்லோட் ஆகிறதே என்று கேட்பீர்கள். அனுப்புகிற இடத்திலிருந்து கோப்போடு ஒரு சீட்டும் வருகிறது. 'இது இன்ன வகை' என்றும், 'அங்கேயே காட்டு' அல்லது 'பொட்டலமாகக் கொடு' என்றும் அதில் எழுதியிருக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பிரவுசர் அந்தச் சீட்டைப் பார்த்து நடந்துகொள்ளும். நாம் நம் விருப்பத்தைச் சொல்லி வைத்துவிட்டால் பி.டி.எஃப். விஷயத்தில் நம் பேச்சைக் கேட்கும்.

இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும்

இதுதான் முக்கியம். நான் இங்கேதான் ஒரு சாயங்காலம் முழுக்கத் திண்டாடினேன். பிரவுசரிடம் ஒரு முறை சொல்ல வேண்டும், கம்ப்யூட்டரிடம் ஒரு முறை சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பிரயோஜனம் இல்லை.

முதலில் பிரவுசர். குரோம் வைத்திருப்பவர்கள் வலது பக்கம் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, 'செட்டிங்ஸ்' போங்கள். அதில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', பிறகு 'சைட் செட்டிங்ஸ்', பிறகு கீழே 'அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்', அதற்குள் 'பி.டி.எஃப். டாக்குமென்ட்ஸ்'. அங்கே இரண்டு வழி இருக்கும். 'டவுன்லோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எட்ஜ் வைத்திருப்பவர்களும் 'செட்டிங்ஸ்' போய், 'எப்போதும் பி.டி.எஃப். கோப்பை டவுன்லோட் செய்' என்ற பொருளில் உள்ள பொத்தானைப் போட்டுவிடுங்கள். அந்தப் பொத்தான் இருக்கும் இடம் அவ்வப்போது மாறுகிறது. வழியைத் தேடி அலைய வேண்டாம். 'செட்டிங்ஸ்' பக்கத்திலேயே தேடும் கட்டம் ஒன்று உண்டு. அதில் 'பி.டி.எஃப்.' என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேரே கொண்டுபோய் விடும். குரோமிலும் இப்படித் தேடலாம்.

எட்ஜில் இன்னொரு விஷயம். வேர்டு, எக்ஸெல் கோப்புகளையும் அது தனக்குள்ளேயே திறந்து காட்டும். 'செட்டிங்ஸ்', 'டவுன்லோட்ஸ்' பகுதியில் 'ஆபீஸ் கோப்புகளைப் பிரவுசரில் திற' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் கோப்பு டவுன்லோட் ஆகி நம்மிடம் வந்துவிடும்.

ஃபயர்ஃபாக்ஸில் வேலை எளிது. 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', அதில் கீழே இறங்கினால் 'அப்ளிகேஷன்ஸ்' என்று ஒரு பட்டியல். பி.டி.எஃப். வரிக்கு எதிரே உள்ள அம்புக்குறியைத் தட்டினால், 'ஃபயர்ஃபாக்ஸில் திற', 'சேமி', 'ஒவ்வொரு தடவையும் கேள்', 'வேறு செயலியில் திற' என்று வரும். நமக்கு வேண்டியதைச் சொல்லலாம். எனக்கு 'ஒவ்வொரு தடவையும் கேள்' பிடித்திருக்கிறது. கேட்கும்போது நமக்கும் ஞாபகம் வருகிறதல்லவா?

இரண்டாவது, கம்ப்யூட்டர். குரோமில் மாற்றிவிட்டு ஒரு ரசீதைத் தட்டினேன். டவுன்லோட் ஆயிற்று. சந்தோஷமாக அந்தக் கோப்பைத் திறந்தால், மறுபடி ஒரு பிரவுசர்தான் திறக்கிறது! இந்தப் பக்கம் குரோமை மூடினால் அந்தப் பக்கம் எட்ஜ் வந்து நிற்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் பி.டி.எஃப். என்றால் எட்ஜ்தான் வருமாம்.

இதற்கு வழி: டவுன்லோட் ஆன கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்குங்கள். 'ஓபன் வித்', பிறகு 'சூஸ் அனதர் ஆப்'. வருகிற பட்டியலில் அக்ரோபேட் ரீடரையோ, நீங்கள் வைத்திருக்கும் வேறு செயலியையோ தேர்ந்தெடுத்து, 'எப்போதும்' என்று இருப்பதை அமுக்குங்கள். 'இந்தத் தடவை மட்டும்' என்பதை அமுக்கினால் நாளைக்குப் பழையபடி ஆகிவிடும். எக்ஸெல், வேர்டு கோப்புகளுக்கும் இதே வழிதான்.

அக்ரோபேட் ரீடர் இலவசம். அடோபியின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். எடுக்கும்போது 'இதையும் சேர்த்துக்கொள்' என்று ஏதாவது கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டர், மெதுவாக ஓடுகிறது என்றால் 'சுமத்ரா பி.டி.எஃப்.' என்று ஒரு சிறிய இலவசச் செயலி இருக்கிறது. வேர்டு, எக்ஸெல் காசு கொடுத்து வாங்க வசதிப்படாதவர்களுக்கு 'லிப்ரே ஆபீஸ்' இருக்கிறது. அதுவும் இலவசம்.

செல்போனில்

ஆண்ட்ராய்டு போனில் கோப்பைத் தட்டினால் சில சமயம் 'எதில் திறக்கட்டும்?' என்று இரண்டு மூன்று செயலிகளைக் காட்டும். கீழே 'ஒரு முறை', 'எப்போதும்' என்று இருக்கும். அவசரத்தில் தப்பானதற்கு 'எப்போதும்' கொடுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். போன் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' போய், அந்தச் செயலியைத் தட்டி, 'இயல்பாகத் திற' என்ற பொருளில் உள்ள இடத்தில் அழித்துவிட்டால் மறுபடி கேட்கும்.

தனிச் செயலியில் திறப்பதால் என்ன லாபம்?

நம் கையில் பிரதி தங்குவது முதல் லாபம். மற்றொன்றையும் சொல்கிறேன். ஆதார் அட்டையை இணையத்தில் எடுக்கிறோம் அல்லவா, அது பி.டி.எஃப்.-ஆக வரும். அதற்குக் கடவுச்சொல், நம் பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடுத்துப் பிறந்த வருஷம், ஆக எட்டு. அந்த அட்டையில் மின்னணுக் கையெழுத்து ஒன்று இருக்கிறது. குரோமில் திறந்தால் அது வெறும் படமாகத்தான் நிற்கும். அக்ரோபேட் ரீடரில் திறந்து, அந்த இடத்தில் வலது பொத்தானை அமுக்கி, 'வேலிடேட் சிக்னேச்சர்' கொடுத்தால்தான் சரிபார்க்க முடியும். நான் இதையெல்லாம் பார்க்காமல் எத்தனை தடவை அச்செடுத்திருக்கிறேன்!

விண்ணப்பப் படிவங்களும் அப்படியே. பிரவுசரிலேயே பெயர், விலாசம் எல்லாம் அடித்துவிட்டு ஜன்னலை மூடினால் அடித்ததெல்லாம் போய்விடும். முதலில் டவுன்லோட் செய்து, செயலியில் திறந்து, நிரப்பி, 'சேவ்' கொடுங்கள். குரோமிலேயே நிரப்பிவிட்டீர்கள் என்றால் டவுன்லோட் கொடுக்கும்போது 'மாற்றங்களோடு' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 'மாற்றங்கள் இல்லாமல்' என்பதை அமுக்கினால் வெற்றுப் படிவம்தான் கிடைக்கும்.

இதற்காக எல்லாவற்றையும் டவுன்லோட் செய்து குவிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளின் பரீட்சை அட்டவணை, சமையல் குறிப்பு, பார்த்துவிட்டு விடுகிற விஷயங்கள் பிரவுசரில் இருந்தாலே போதும். நாளைக்கு யாராவது 'காட்டு' என்று கேட்கக்கூடியது எதுவோ, அது மட்டும் வீட்டுக்கு வர வேண்டும்.

மூன்று ஜாக்கிரதைகள்

1. இன்டர்நெட் கடையிலோ பிறர் வீட்டிலோ ரிப்போர்ட், ஆதார் எடுத்தால் விஷயம் தலைகீழ். அங்கே டவுன்லோட் ஆனால் பிரதி அவர்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். அச்செடுத்த பிறகு 'டவுன்லோட்ஸ்' அறையிலிருந்தும், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். கூச்சப்படாதீர்கள்.

2. தெரியாத எண்ணிலிருந்து 'கல்யாணப் பத்திரிகை', 'பரிசுச் சீட்டு' என்று கோப்பு வந்தால் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். புள்ளி வைத்து 'பி.டி.எஃப்.' என்று முடிந்தால் அது ஆவணம். 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது போனில் குடியேறப் பார்க்கும் செயலி. 'இ.எக்ஸ்.இ.' என்றால் கம்ப்யூட்டரில் குடியேறுவது. தொடவே தொடாதீர்கள். ஆவணமாகவே இருந்தாலும் அனுப்பியவர் யார் என்று தெரிந்த பிறகே திறங்கள்.

3. டவுன்லோட் ஆன கோப்புக்குப் பெரும்பாலும் எண்ணும் எழுத்துமாக ஏதோ ஒரு பெயர் இருக்கும். அன்றைக்கே மாற்றிவிடுங்கள். நான் 'அத்தை, ரத்தம், 2025 மாசி' என்று வைக்கிறேன். ஆளுக்கு ஒரு தனி அறை திறந்து அதில் போட்டு விடுகிறேன். ஒரு பிரதி பென் டிரைவிலும் இருக்கிறது. கம்ப்யூட்டரும் ஒரு நாள் கெட்டுப் போகும் அல்லவா?

இதையெல்லாம் செய்து முடித்த அன்று அத்தையிடம் போய், "இப்போ எல்லாம் சரியா வச்சுட்டேன் அத்தை, இனிமே காணாமப் போகாது" என்றேன்.

"நல்லதும்மா. அந்த மதுரை ரிப்போர்ட்டை மட்டும் ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அலமாரியைத் திறந்து மஞ்சள் பையில் வைத்தார். இப்போது ஒவ்வொரு பரிசோதனைக்கும் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, பையில் ஒன்று. கிழிந்திருந்த பைக்காதை நானே தைத்துக் கொடுத்தேன்.

சகோதரிகளே, இந்த இதழைக் கீழே வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். லிங்க்தான் இருக்கிறது, கோப்பு இல்லை என்றால், அது காலாவதி ஆவதற்கு முன் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.